எந்த புக்கை நம்பி பைப் போடுறது? – வாசகர் கேள்வி பதில்

தண்ணி சுத்திகரிப்பு பத்தி முன்னாடி ஒரு இதழ்ல பதில் எழுதும்போது "மிச்சத்தை ஒரு நல்ல ரெஃபரன்ஸ் புக்ல பாத்துக்கோங்க"ன்னு போற போக்குல ஒரு வரி போட்டுட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கேள்விங்கதான் இந்த தடவை முழுக்க. "நல்ல புக் எதுன்னு சொல்லாம நைசா நழுவிட்டீங்களே"ன்னு ஒரு வாசகர் நேராவே கேட்டிருக்கார். நியாயம்தான், வாங்க.

கேள்வி: சார், நான் சிவில் மூணாம் வருஷம். என்விரான்மென்டல் சைடுலதான் மேல படிக்கணும்னு இருக்கேன். ஒரே ஒரு புக்தான் வாங்க முடியும்னா எதை வாங்குறது? சீனியர் எல்லாரும் கண்ணை மூடிட்டு மெட்காஃப் அண்ட் எடின்னு சொல்றாங்க.

சொல்லத்தான் செய்வாங்க தம்பி, அவங்க சீனியர் சொன்னதை அவங்க சொல்றாங்க. மெட்காஃப் அண்ட் எடி பேர்ல வர்ற 'வேஸ்ட்வாட்டர் இன்ஜினியரிங்' பெரிய புக்தான், அதுல சந்தேகமே இல்ல, என் மேஜைலயும் இருக்கு, 2014ல வந்த அஞ்சாவது எடிஷன், கிட்டத்தட்ட 2,000 பக்கம். ஆனா அது உக்காந்து படிக்கிற புக் இல்ல, தேடுற புக். என்ன தேடுறோம்னு தெரிஞ்சவனுக்கு அது பொக்கிஷம், தெரியாதவனுக்கு அலமாரிக்கு நல்ல வெயிட்டு. இன்னொண்ணு, பேர்லயே இருக்கு பாருங்க, கழிவுநீர். குடிநீர் பிளான்ட் டிசைன் பண்ணணும்னா அதுல தேடாதீங்க, அதுக்கு எம்டபிள்யூஎச் பேர்ல வர்ற 'வாட்டர் ட்ரீட்மென்ட்: பிரின்சிபிள்ஸ் அண்ட் டிசைன்' மாதிரி தனி புக் வேணும். இதைக் கவனிக்காம வாங்கிட்டு ஃபில்டர் பெட் டிசைன் எங்க எங்கன்னு பக்கத்தைப் புரட்டிட்டிருந்த ஆளுங்களை நான் பாத்திருக்கேன்.

முதல் புக்குன்னு கேட்டா நான் சொல்றது மாஸ்டர்ஸும் எலாவும் எழுதின 'இன்ட்ரொடக்‌ஷன் டு என்விரான்மென்டல் இன்ஜினியரிங் அண்ட் சயன்ஸ்'. காரணம் ஒண்ணே ஒண்ணு, அதோட முதல் சாப்டர். அது பம்ப் பத்தியும் இல்ல, பாக்டீரியா பத்தியும் இல்ல, மாஸ் பேலன்ஸ் பத்தி. உள்ள எவ்வளவு வந்துச்சு, வெளிய எவ்வளவு போச்சு, உள்ளயே எவ்வளவு தங்குச்சு, நடுவுல எவ்வளவு வேற பொருளா மாறிச்சு. இந்தத் துறைல பாதி கணக்கு இந்த நாலு கேள்விதான், மிச்ச பாதி அந்த நாலுல எதை விட்டோம்னு தேடுறது.

சின்ன கணக்கு ஒண்ணு பாப்போம். ஒரு ஆறு நொடிக்கு 5 கனமீட்டர் ஓடுது, பிஓடி (தண்ணில இருக்குற அழுக்கைக் கிருமிங்க சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் வேணும்ங்கிற அளவு) லிட்டருக்கு 2 மில்லிகிராம். ஒரு சாக்கடை நொடிக்கு 0.5 கனமீட்டர் வந்து கலக்குது, அதோட பிஓடி 40. கலந்த இடத்துல எவ்வளவு? 5ஐ 2ஆல பெருக்கினா 10, 0.5ஐ 40ஆல பெருக்கினா 20, ரெண்டையும் கூட்டி 5.5ஆல வகுத்தா சுமார் 5.5 மில்லிகிராம். பத்துல ஒரு பங்கு சாக்கடைதான் வந்துச்சு, ஆனா பிஓடி ரெண்டரை மடங்குக்கு மேல ஏறிடுச்சு. இதைக் கையால போட்டுப் பாத்தவனுக்கு, 1925ல ஸ்ட்ரீட்டரும் ஃபெல்ப்ஸும் ஒஹாயோ ஆத்தை வச்சு எழுதின ஆக்சிஜன் சரிவு சமன்பாடு எங்கிருந்து கிளம்புதுன்னு புரியும், மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல. சீனியர் சொன்ன அந்த குண்டு புக்கை வேலைக்குப் போன பிறகு வாங்கிக்கோங்க, இல்லன்னா லைப்ரரில இருக்கட்டும்.

கேள்வி: ரிட்டயர் ஆன ஒரு இன்ஜினியர் வீட்டை காலி பண்ணும்போது எனக்கு நிறைய பழைய புக் குடுத்தார். எல்லாம் 1950லேருந்து 80க்குள்ள வந்தது. வச்சுக்கலாமா, தூக்கிப் போடலாமா? ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் பழசுன்னு சிரிக்கிறாங்க.

சிரிக்கிறவங்களை சிரிக்க விடுங்க, முதல்ல அந்த கட்டுல வென் டெ சௌ எழுதின 'ஓபன் சேனல் ஹைட்ராலிக்ஸ்' இருக்கான்னு பாருங்க. 1959 புக். கால்வாய் சொரசொரப்புக்கு அதுல இருக்குற மேனிங் 'n' மதிப்பு டேபிளை இன்னைக்கும் ஆளுங்க எடுத்து எழுதிட்டுதான் இருக்காங்க. கால்வாய்ல தண்ணி ஓடுற வேகத்துக்கு மேனிங் ஃபார்முலா சொன்னது 1889ல. டார்சி மணல் வழியா தண்ணி எப்படிப் போகுதுன்னு அளந்து எழுதினது 1856ல. தண்ணிக்கு புது எடிஷன் எல்லாம் கிடையாது, அன்னைக்கு எப்படி ஓடுச்சோ அப்படியேதான் இன்னைக்கும் ஓடுது. அதனால ஹைட்ராலிக்ஸ் புக்கை வயசைப் பாத்து ஒதுக்காதீங்க, சொல்லப்போனா பழைய ஆளுங்க கால்குலேட்டர் இல்லாத காலத்துல எழுதினதால ஒவ்வொரு ஸ்டெப்பையும் பொறுமையா விளக்கியிருப்பாங்க.

ஆனா அதே கட்டுல இருக்குற குடிநீர் சுத்திகரிப்பு புக்கை எடுத்து அப்படியே டிசைன் பண்ணினா மாட்டிக்குவீங்க. 1974க்கு முன்னாடி வந்த புக்ல குளோரினை ஆரம்பத்துலயே தாராளமா போடுன்னு இருக்கும். தண்ணில இயற்கையா இருக்குற ஆர்கானிக் பொருளோட குளோரின் சேர்ந்து குளோரோஃபார்ம் மாதிரி, உடம்புக்கு ஆகாத டிரைஹாலோமீத்தேன்கள் உண்டாகுதுன்னு ரோட்டர்டாம்ல வேலை பாத்த ரூக் எழுதினதே 1974லதான். அடுத்து 1993, மில்வாக்கி. குழாய் தண்ணி வழியா கிரிப்டோஸ்போரிடியம் பரவி சுமார் 4,03,000 பேருக்கு உடம்பு சரியில்லாம போச்சு. அந்தக் கிருமி குளோரினுக்கு அசையாது. அதுக்கு அப்புறம்தான் ஃபில்டர்லேருந்து வர்ற தண்ணியோட கலங்கலை இவ்வளவு உன்னிப்பா பாக்க ஆரம்பிச்சாங்க, யூவி விளக்குக்கும் மவுசு வந்துச்சு. உங்க பழைய புக்குக்கு இது எதுவுமே தெரியாது, அதோட தப்பு இல்ல.

வரம்பு சொல்ற டேபிள் இருக்கே, அது இன்னும் மோசம், சீக்கிரமே கெட்டுப்போகும். ஆர்சனிக்குக்கு உலக சுகாதார நிறுவனம் 1984ல சொன்னது லிட்டருக்கு 50 மைக்ரோகிராம், 1993ல அதையே 10ஆ குறைச்சுட்டாங்க. பிஃபாஸ் (PFAS) வகை, அதாவது லேசுல சிதையாத ஃப்ளோரின் கெமிக்கல், பழைய டேபிள்ல இருக்கவே இருக்காது, அமெரிக்காவுல 2024 ஏப்ரல்ல அதுல ரெண்டுக்கு லிட்டருக்கு 4 நானோகிராம்னு வரம்பு வச்சாங்க. அதாவது ஒரே புக்குக்குள்ளயே ஒரு சாப்டர் இன்னும் நூறு வருஷம் தாங்கும், பக்கத்து சாப்டர் போன வருஷமே செத்துருக்கும். புக்கை முழுசா வச்சுக்கிறதா போடுறதான்னு யோசிக்காதீங்க, சாப்டர் சாப்டரா யோசிங்க. நான் என் பழைய புக்குங்கள்ல வரம்பு டேபிள் இருக்குற பக்கத்துல எல்லாம் பென்சிலால குறுக்கே கோடு போட்டு வச்சிருக்கேன், தெரியாத்தனமா கூட பாத்து எழுதிடக்கூடாதுன்னு.

ஒரு வேடிக்கை சொல்றேன். நம்ம மெட்காஃப் அண்ட் எடியோட உபதலைப்பை மட்டும் வரிசையா பாருங்க. 1972ல கலெக்‌ஷன், ட்ரீட்மென்ட், டிஸ்போசல். 1979ல ட்ரீட்மென்ட், டிஸ்போசல், ரீயூஸ். 2003ல டிஸ்போசல் காணோம், ட்ரீட்மென்ட் அண்ட் ரீயூஸ். 2014ல ட்ரீட்மென்ட் அண்ட் ரிசோர்ஸ் ரெகவரி. 72ல எங்கயாவது கொண்டு போய்க் கொட்டுறதுன்னு இருந்த பொருள், 2014ல தண்ணி, பாஸ்பரஸ், எரிசக்தின்னு பிரிச்செடுக்கிற சரக்கா மாறிடுச்சு, அட்டையைப் பாத்தாலே அந்தத் துறை எப்படி மாறிச்சுன்னு தெரியுது.

கேள்வி: பிஓடி குறையுற வேகத்துக்கு ஒரு புக்ல கே மதிப்பு நாளைக்கு 0.1ன்னு போட்டிருக்கு, இன்னொண்ணுல 0.23ன்னு இருக்கு. ரெண்டும் 20 டிகிரிக்குதான். எது தப்பு?

ரெண்டும் சரி. ஒண்ணு பத்தை அடியா வச்ச மடக்கை, இன்னொண்ணு இ-யை (e, 2.718ங்கிற எண்) அடியா வச்சது. 0.1ஐ 2.303ஆல பெருக்கிப் பாருங்க, 0.23 வந்துரும். சிக்கல் எங்கன்னா இந்த புக்லேருந்து மதிப்பை எடுத்து அந்த புக் சமன்பாட்டுல போடுறது. ஒரு புக்ல ஃபார்முலா எடுத்தா எண்ணையும் அதே புக்ல எடுங்க.

இதே கதைதான் நைட்ரேட்டுலயும். உலக சுகாதார நிறுவனம் 50 மில்லிகிராம்னு சொல்லுது, அமெரிக்க வரம்பு 10ன்னு இருக்கு, அடேங்கப்பா அஞ்சு மடங்கு கறாரான்னு ஒருத்தர் மேடைலயே பேசி நான் கேட்டேன். 50 நைட்ரேட்டா எண்ணினது, 10 அதுல இருக்குற நைட்ரஜனை மட்டும் எண்ணினது. அந்த 10ஐ நைட்ரேட்டா மாத்தினா 44 சொச்சம் வரும், அவ்வளவுதான் வித்தியாசம். டேபிளுக்குக் கீழ பொடி எழுத்துல இருக்குற குறிப்பைப் படிக்காம டேபிளைப் படிக்கக்கூடாது.

கேள்வி: நான் கெமிஸ்ட்ரி படிச்சவ, ஒரு சுத்திகரிப்பு நிலைய லேப்ல சேர்ந்து ஆறு மாசம் ஆகுது. எல்லாரும் 'ஸ்டாண்டர்ட் மெத்தட்ஸ்' புக்கை வேதம் மாதிரி பேசுறாங்க. அது ஒண்ணு இருந்தா போதுமா மேடம்? (நீங்க மேடமா சாரான்னு தெரியல.)

சார்தான் ம்மா, பரவாயில்ல. லேப்ல இருக்கீங்கன்னா அது கட்டாயம். 1905லேருந்து வருது, அமெரிக்காவுல மூணு சங்கங்கள் சேர்ந்து போடுறாங்க. ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு நம்பர் இருக்கும், அஞ்சு நாள் பிஓடின்னா 5210 பி, தொங்கும் திடப்பொருள்னா 2540 டி, இப்படி. ரிப்போர்ட்ல அந்த நம்பரோட எந்த எடிஷன்னும் எழுதுற பழக்கத்தை இப்பவே பிடிச்சுக்கோங்க, நாளைக்கு யாராவது உங்க ரிசல்ட்டை சந்தேகப்பட்டா அதுதான் உங்களுக்குக் கவசம்.

ஆனா போதுமான்னா போதாது. ஸ்டாண்டர்ட் மெத்தட்ஸ் எப்படி செய்றதுன்னு சொல்லும், ஏன்னு ரொம்ப நீட்டி சொல்லாது. சிஓடி சோதனைல (தண்ணில இருக்குற அழுக்கை டைக்ரோமேட்ங்கிற கெமிக்கலால சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் வேணும்னு பாக்குறது) மெர்க்குரிக் சல்ஃபேட் போடச் சொல்லும், நீங்களும் போடுவீங்க. தண்ணில இருக்குற குளோரைடும் டைக்ரோமேட்டோட வினை புரிஞ்சு சிஓடியை சும்மா ஏத்திக் காட்டும், அதைக் கட்டிப் போடத்தான் மெர்க்குரின்னு புரிஞ்சாத்தான், என்னைக்காவது உப்புத்தண்ணி கலந்த சாம்பிள் வந்து ரிசல்ட் எகிறும்போது உங்களுக்குப் பொறி தட்டும். அதுக்கு சாயர், மெக்கார்ட்டி, பார்க்கின் எழுதின 'கெமிஸ்ட்ரி ஃபார் என்விரான்மென்டல் இன்ஜினியரிங் அண்ட் சயன்ஸ்'. நீங்க கெமிஸ்ட்ரி ஆளு, முன்பாதியை வேகமாத் தாண்டிடலாம், பின்பாதில ஒவ்வொரு அளவீடா எடுத்து விளக்கியிருக்கிற இடத்தை நிதானமா படிங்க.

கேள்வி: எங்க பக்கம் வருஷம் முழுக்க தண்ணி 28 டிகிரிக்குக் கீழ இறங்காது. புக்ல இருக்குற உதாரணக் கணக்கு எல்லாம் 10, 15, 20 டிகிரில இருக்கு. அப்படியே எடுத்துக்கலாமா?

இது ரொம்ப நல்ல கேள்வி, பெரிய பெரிய ஆளுங்களே இதைக் கேக்க மறந்துடுறாங்க. அப்படியே எடுத்துக்கக் கூடாது. பிஓடி வேகத்தையே எடுங்க, 20 டிகிரில 0.23ன்னா, வழக்கமா போடுற, ஒவ்வொரு டிகிரிக்கும் 1.047ஆல பெருக்குற திருத்தத்தோட 30 டிகிரில 0.36 ஆகுது, ஒன்றரை மடங்குக்கும் மேல. கிருமிங்க சுறுசுறுப்பா வேலை செய்யுது, டேங்க் சின்னதாவே போதும்னு தோணும். ஆனா மறுபக்கம், 20 டிகிரி தண்ணி லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிச்சு வைக்கும், 30 டிகிரில அது 7.5 பக்கம் இறங்கிடும். அதாவது சாப்பிடுறவன் வேகம் கூடுது, மூச்சுக்காத்து குறையுது. ஏரேட்டர், அதாவது டேங்க் தண்ணிக்குக் காத்து ஊட்டுற மெஷின் கணக்கைக் குளிர்நாட்டு உதாரணத்தைப் பாத்து காப்பி அடிச்சா இங்கதான் உதைக்கும். வெயில் இடத்துல டேங்க் அளவைவிட காத்து அளவுதான் உங்களைத் தூங்க விடாது.

நல்ல சேதி என்னன்னா இதுக்குன்னே புக் இருக்கு. பிரேசில்காரர் மார்கோஸ் வான் ஸ்பெர்லிங் முன்ன நின்னு கொண்டுவந்த 'பயலாஜிக்கல் வேஸ்ட்வாட்டர் ட்ரீட்மென்ட்' வரிசை, 2007, ஆறு தொகுதி, ஐடபிள்யூஏ பப்ளிஷிங் வெளியீடு, இலவசமாவே டவுன்லோட் பண்ணிக்கலாம். மூணாவது தொகுதி நிலைப்படுத்தும் குளங்கள் (கழிவுநீரைத் தேக்கி வச்சு இயற்கையா சுத்தமாக விடுறது) பத்தி, நாலாவது ஆக்சிஜன் இல்லாம நடக்குற ரியாக்டர்கள் பத்தி. யூஏஎஸ்பி (கழிவுநீரைக் கீழேருந்து மேல கசடு வழியா விடுறது) மாதிரி ரியாக்டரை சூடேத்தாமலே ஓட்ட முடியுறது வெப்பமான இடத்துக்குக் கிடைச்ச வரம், குளிர்நாட்டு புக்குங்க அதை ஓரமா ரெண்டு பக்கத்துல முடிச்சுட்டுப் போயிடும், இங்க ஒரு தொகுதியே இருக்கு. என்னைக் கேட்டா வெப்பப் பகுதில வேலை பாக்குறவங்களுக்கு குண்டு புக்குக்கு முன்னாடி இதுதான்.

கேள்வி: நான் இன்ஜினியர் இல்லீங்க. ஒரு சின்ன தொண்டு அமைப்புல ஏரி, பாசன வேலை பாக்குறேன். நீர் மேலாண்மைன்னு தேடினா ஒண்ணு வெறும் ஃபார்முலா, இல்லன்னா வெறும் வசனம். நடுவுல ஒண்ணும் இல்லையா?

வசனம்னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் சிரிச்சுட்டேன். நிலையான, ஒருங்கிணைந்த, பங்கேற்புன்னு மூணு வார்த்தையை வச்சு முந்நூறு பக்கம் எழுதுற கலை ஒண்ணு இருக்கு.

பாசனம்னா உணவு வேளாண்மை நிறுவனம் 1998ல வெளியிட்ட 56ஆம் எண் பாசன ஏடு, இலவசம். பயிருக்கு எவ்வளவு தண்ணி தேவைன்னு கணக்குப் போடுற முறை. முதல்ல அந்த இடத்து வெயில், காத்து, ஈரப்பதத்துக்கு ஒரு அடிப்படை ஆவியாதல் அளவு, அதைப் பயிருக்கும் பருவத்துக்கும் ஏத்த ஒரு எண்ணால பெருக்குறது, சாரம் அவ்வளவுதான். ஃபார்முலா பக்கத்தைப் பாத்து பயந்துடாதீங்க, பயிர் டேபிளும் விளக்கமும் உங்களுக்குப் புரியும்.

மழை, வெள்ளக் கணக்குக்கு சௌ, மெய்ட்மென்ட், மேஸ் மூணு பேரும் எழுதின 1988 'அப்ளைட் ஹைட்ராலஜி' இன்னும் நிக்குது, ஆனா ஒரு எச்சரிக்கையோட. கடந்த காலத்துல மழை எப்படி இருந்துச்சோ வருங்காலத்துலயும் அதே ஒழுங்குல இருக்கும்ங்கிற நம்பிக்கை மேலதான் நூறு வருஷ வெள்ளம், அம்பது வருஷ மழைன்னு எல்லாம் கட்டியிருக்காங்க. அந்த நம்பிக்கை செத்துப்போச்சுன்னு 2008ல சயன்ஸ் பத்திரிகைல ஒரு கட்டுரை தலைப்புலயே அறிவிச்சது. முறையை பழைய புக்ல கத்துக்கோங்க, மழை அளவை மட்டும் கிடைக்கிற புது பதிவுலேருந்து எடுங்க.

அப்புறம் உங்க வேலைல ஃபார்முலாவைவிட பெரிய தலைவலி, மதகை யார் திறக்குறது, யார் மூடுறதுங்கிறது. அதுக்கு எலினார் ஆஸ்ட்ரம் 1990ல எழுதின 'கவர்னிங் த காமன்ஸ்'. அவங்க முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கிட்டதே கலிபோர்னியாவுல நிலத்தடி நீரை ஜனங்க எப்படிப் பங்கு போட்டுக்கிட்டாங்கன்னுதான், 2009ல பொருளாதார நோபல் வாங்கினாங்க. யார் உறுப்பினர், யார் கண்காணிப்பாளர், தப்பு பண்ணினா முதல் தடவை எவ்வளவு தண்டனைன்னு இறங்கி எழுதியிருப்பாங்க, வசனம் இருக்காது.

கழிவறை, கழிவுநீர் பக்கமும் போவீங்கன்னா, ஸ்விட்சர்லாந்து ஈவாக் நிறுவனத்தோட 'கம்பெண்டியம் ஆஃப் சானிடேஷன் சிஸ்டம்ஸ்', 2014 பதிப்பு. அதுவும் இலவசம், படம் போட்டு ஒவ்வொரு அமைப்புக்கும் உள்ள என்ன போகுது, வெளிய என்ன வருதுன்னு காட்டும்.

கேள்வி: எல்லாம் சரி, இப்ப ஏஐ கிட்ட கேட்டா சொல்லிடுது, எதுக்கு புக்?

கேளுங்க, தப்பில்ல. வர்ற எண்ணு எந்த டேபிள், எந்த எடிஷன், எந்த அலகுன்னு போய் சரிபாக்க ஒரு புக் வேணும்ல, அதுக்குத்தான். அதே மாதிரி ஈபிஏநெட் (குடிநீர் குழாய் கணக்கு), ஸ்விம் (SWMM, மழைநீர் வடிகால் கணக்கு) மாதிரி இலவச சாஃப்ட்வேரை ஓட்டுறவங்க அதோட மேனுவலையும் ரெஃபரன்ஸ் புக்கா நினைச்சுப் படிங்க. ஸ்விம் 1971லேருந்து இருக்கு, பட்டனை அமுக்கினா உள்ள என்ன சமன்பாடு ஓடுதுன்னு மேனுவல்ல எழுதியே வச்சிருக்காங்க, யாரும் திறக்குறதில்ல.

கேள்வி: புக்கைக் கையில எடுத்து அஞ்சு நிமிஷத்துல நல்லதான்னு கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு. அட்டைல எட்டாவது எடிஷன்னு போட்டிருக்கிறதை நம்பாதீங்க. ஏதாவது ஒரு சாப்டர் கடைசிக்குப் போய் அங்க இருக்குற ரெஃபரன்ஸ் எல்லாம் எந்த வருஷத்துதுன்னு பாருங்க. 2020ல அச்சான புக்ல கடைசி ரெஃபரன்ஸ் 1985ன்னா, புதுசா மாறினது அட்டை மட்டும்தான். அடுத்து ஒரு தீர்வு கண்ட கணக்கை எடுத்து, நடுவுல திடீர்னு ஒரு எண் குதிக்குதான்னு பாருங்க. "இதை 30ன்னு எடுத்துக்கொள்வோம்"னு இருந்து ஏன் 30ன்னு இல்லன்னா மூடி வச்சுடுங்க. கழிவுநீர் புக்னா பொருளடக்கத்துல கசடுக்கு எவ்வளவு பக்கம் குடுத்திருக்காங்கன்னு பாருங்க, தண்ணியை சுத்தம் பண்றதை நானூறு பக்கம் எழுதிட்டு, அதுலேருந்து வந்த கசடை என்ன பண்றதுன்னு பத்து பக்கத்துல முடிக்கிறவர் பிளான்ட் பக்கமே போகாதவர்.

கடைசியா, எங்க அச்சான புக்னு பாருங்க. நான் வேலைக்கு சேர்ந்த புதுசுல ஒரு பழைய புக்லேருந்து ஆளுக்கு இத்தனை காலன்னு எடுத்து, 3.785ஆல பெருக்கி லிட்டராக்கி, ஒரு டேங்க் டிசைன் முழுசா முடிச்சு பெருமையா கொண்டு போய் நீட்டினேன். மேலதிகாரி டிராயிங்கை பாக்கவே இல்ல, புக்கை வாங்கி முதல் பக்கத்தைத் திறந்து லண்டன்னு இருந்த இடத்துல விரலை வச்சார். நான் பெருக்கின 3.785 அமெரிக்க காலனுக்கு, பிரிட்டிஷ் காலன் 4.546 லிட்டர். என் டேங்க் சரியா ஆறுல ஒரு பங்கு சின்னது.